அலெக்ரோ என்று மட்டும் எழுதியிருக்கிறது

விவால்டியின் ‘குளோரியா’ பற்றிப் போன முறை ஒரு பதிலுக்குள் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த முறை கேள்வி–பதில் முழுவதும் அந்த ஒரு படைப்புக்கே.

கேட்டிராதவர்களுக்காகச் சுருக்கமாக: அந்தோனியோ விவால்டி 1715-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெனிஸ் நகரில் எழுதியது இது. திருப்பலியில் வரும் ‘குளோரியா இன் எக்ஷெல்சிஸ் தேயோ’ என்ற லத்தீன் புகழ்ப்பாடலைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து இசையமைத்திருக்கிறார். பாடகர் குழு, தனிக்குரல்கள், தந்திக் கருவிகள், ஒரு ஓபோ, ஒரு ட்ரம்பெட். மொத்தம் அரை மணி நேரம் வரும். இது டி மேஜர் என்ற கீயில், அதாவது டி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்டு அமைந்தது. அதே கீயில் அவருடைய இன்னொரு குளோரியாவும் இருப்பதால், குழப்பம் வராமல் இருக்க விவால்டி படைப்புப் பட்டியலின் எண்ணைச் சேர்த்து இதை ஆர்.வி. 589 என்பார்கள்.

நான் இதை முதலில் ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல் வரிசையில் நின்று பாடினேன். அப்புறம் பல வருடங்களாகச் சிறிய குழுக்களை வைத்து நடத்தி வருகிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தது.

கேள்வி: அம்மா, எங்கள் பாடகர் குழு குளோரியாவின் முதல் பகுதியை எடுத்திருக்கிறது. நோட்டில் ‘அலெக்ரோ’ என்று மட்டும் இருக்கிறது, எண் எதுவும் இல்லை. நான் கேட்ட இரண்டு ஒலிப்பதிவுகளில் ஒன்று ஓட்டமாக ஓடுகிறது, இன்னொன்று ஊர்வலம் போல நடக்கிறது. எது சரி? தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை எந்த எண்ணில் வைப்பது?

எண் இல்லாததற்குக் காரணம் எளிது. விவால்டி 1741-இல் இறந்துவிட்டார். மெல்ட்செல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். உங்கள் நோட்டில் யாராவது எண் போட்டிருந்தால் அது பதிப்பாசிரியரின் கருத்து, விவால்டியுடையது இல்லை.

இரண்டாவதாக, ‘அலெக்ரோ’ என்ற சொல்லையே நாம் கொஞ்சம் தவறாகப் பிடித்திருக்கிறோம். இசை வகுப்பில் அதற்கு ‘வேகமாக’ என்று மனப்பாடம் செய்தோம். இத்தாலிய மொழியில் அது அன்றாடச் சொல். உற்சாகமாக, மலர்ந்த முகத்தோடு இருக்கும் ஆளை அலெக்ரோ என்பார்கள். விவால்டிக்கு அது தாய்மொழி. வீட்டில் புழங்குகிற சொல்லைத்தான் நோட்டின் தலையில் எழுதினார். அது முதலில் சொல்வது குணத்தை. வேகம் அந்தக் குணத்துக்கு ஏற்றபடி தானாக வந்து சேர்கிறது.

சரி, ஆனால் கையைத் தூக்கித் தாளம் காட்டும்போது ஏதோ ஒரு வேகம் வேண்டுமே. அந்தக் காலத்து மனிதர் ஒருவர் நமக்கு அளவுகோல் விட்டுப் போயிருக்கிறார். யோஹான் யோவாகிம் குவான்ட்ஸ் என்ற புல்லாங்குழல் கலைஞர். விவால்டியின் கன்செர்ட்டோக்களை 1714-லேயே பார்த்து வியந்தவர், பிற்பாடு இத்தாலிக்குப் போய்ச் சுற்றியவர். 1752-இல் பெர்லினில் வெளியிட்ட புத்தகத்தில் வேகத்தை நாடித் துடிப்பால் அளக்கச் சொல்கிறார். மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக்கும் இடையில், நலமும் உற்சாகமும் உள்ள ஆளின் நாடி. நிமிடத்துக்குச் சுமார் 80. நான்கு பீட் கொண்ட பாரில் (தாளச் சுற்றில்) மிக விரைவான அலெக்ரோ என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு கிராட்செட், அதாவது இரண்டு பீட். அதைவிட நிதானமான அலெக்ரெட்டோ என்றால் ஒரு துடிப்புக்கு ஒன்று. அதாவது நிமிடத்துக்குக் கிராட்செட் 160-க்கும் 80-க்கும் நடுவில் எங்கோ சாதாரண அலெக்ரோ உட்கார்ந்திருக்கிறது. தேவாலய இசையில் நாடக இசையைவிட நிதானம் வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். குவான்ட்ஸ் ஜெர்மானியர், ஒரு தலைமுறை பிந்தியவர். ஆகவே அவர் கணக்கை வெனிஸுக்கு அப்படியே ஒட்டக் கூடாது. ஆனாலும் எல்லை எங்கே என்று அது காட்டுகிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து இல்லை. என் இருபத்தாறாவது வயதில் முதன்முதலாக ஒரு குழுவை வைத்து இந்தப் பகுதியை நடத்தினேன். உயரமான கல் கட்டடம். கை தட்டினால் மூன்று விநாடி சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒத்திகை நடந்ததோ தரைவிரிப்பு போட்ட சின்ன அறையில். அங்கே கிராட்செட் 132-இல் எல்லாம் பளிச்சென்று இருந்தது. நிகழ்ச்சி அன்று அதே வேகத்தில் ஆரம்பித்தேன். உங்களுக்கே தெரியும், பாட்டு தொடங்குவதே வயலின்கள் ஒரு ஸ்வரத்தில் இருந்து அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தாவித் தாவி விளையாடுவதில்தான். அந்தத் தாவல்தான் இந்தப் பகுதியின் உயிர். கட்டடம் அதை விழுங்கிவிட்டது. கீழ் ஸ்வரம் அடங்குவதற்குள் மேல் ஸ்வரம், அது அடங்குவதற்குள் அடுத்தது. தாவலே கேட்கவில்லை. ஒரே இரைச்சலாக டி என்ற ஸ்வரம் மட்டும் நின்றது. குழு ‘குளோரியா’ என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தும் இடைவெளிகளும் அடைபட்டுப் போயின.

முடிந்ததும் செல்லோ வாசித்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். திட்டவில்லை. “எக்ஷெல்சிஸ் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லும்மா” என்றார். சொன்னேன். “மறுபடியும், கோபுரத்து உச்சியில் இருக்கிற ஒருவருக்குக் கேட்கிற மாதிரி.” சொன்னேன். அவர் விரலால் நாற்காலியில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் நான் எடுத்த வேகத்தைவிட நன்றாகவே நிதானமாக இருந்தது. ‘எக்’ என்று மூடி, ‘ஷெல்’ என்று திறந்து, ‘சிஸ்’ என்று முடிக்க வாய்க்கு நேரம் வேண்டும். 132-இல் என் குழு பாடியது ‘எசெல்சிஸ்’.

ஆகவே என் பதில்: எதிரொலி மிதமாக உள்ள இடத்தில் கிராட்செட் 108-ஐ ஒட்டித் தொடங்குங்கள். எதிரொலி அதிகமான இடம் என்றால் 100. துணி, திரைச்சீலை, ஆட்கள் நிறைந்த அரங்கம் என்றால் 112, 116 வரை போகலாம். நீங்கள் சொன்ன ஊர்வல வேகத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 88-க்குக் கீழே போனால் அந்த ஸ்தாயித் தாவல் துள்ளலாக இல்லாமல் படி ஏறுவது போல ஆகிவிடும், முகம் மலர்ந்த குணம் போய்விடும். ஓட்டமாக ஓடும் பதிவைப் பற்றிச் சொல்வதானால், அவர்களிடம் பயிற்சி பெற்ற இருபது குரல்களும் குடல் தந்தி பூட்டிய பழைய வகை வயலின்களும் இருந்திருக்கும். அவர்களுக்கு முடியும். நமக்கு முடியாது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: முதல் பகுதி இவ்வளவு கொண்டாட்டமாக இருக்கிறது. அடுத்து ‘பூமியிலே சமாதானம்’ என்று வரும் இரண்டாவது பகுதி ஏன் அழுகிற மாதிரி இருக்கிறது? சமாதானம் நல்ல விஷயம்தானே?

இந்தக் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தப் படைப்பின் இதயமே அந்தத் திருப்பம்தான் என்று நான் நம்புகிறேன்.

‘எத் இன் தெர்ரா பாக்ஸ்’ பி மைனரில் இருக்கிறது. டி மேஜருக்கும் பி மைனருக்கும் ஒரே இரண்டு ஷார்ப்கள் (அரை ஸ்வரம் உயர்த்தும் குறிகள்). ஒரே வீட்டின் வெயில் விழும் பக்கமும் நிழல் விழும் பக்கமும் மாதிரி. விவால்டி தூர தேசம் எங்கும் போகவில்லை. அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தரையை மட்டும் மாற்றுகிறார். நான்கு பீட் மூன்று ஆகிறது. ட்ரம்பெட் வாயை மூடிக்கொள்கிறது. அலெக்ரோ ஆந்தாந்தே ஆகிறது. தந்திக் கருவிகள் இடைவிடாமல் துடிக்க, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உரசி, மெதுவாக விடுபடுகின்றன. அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகரும் இடங்களில் பாடுகிறவருக்கே அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது.

வரிகளை வைத்துப் பாருங்கள். இந்தச் சொற்கள் லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்கு வானதூதர்கள் பாடியவை. முதல் வரி உன்னதங்களைப் பற்றியது. அங்கே எல்லாம் நிறைவாகிவிட்டது, அதனால் டி மேஜர். இரண்டாவது வரி பூமியைப் பற்றியது. பூமியில் சமாதானம் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம். இல்லாத ஒன்றைக் கேட்கிறவர்களின் குரல்தான் அந்த பி மைனர். நான் அதை அழுகை என்று சொல்ல மாட்டேன், ஏக்கம் என்பேன். அழுகை என்று எடுத்துக்கொள்ளும் குழுக்கள் இதைச் சாவு ஊர்வலமாக இழுத்துவிடுகின்றன. ‘ஆந்தாந்தே’ நடப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கால் நகர வேண்டும். பன்னிரண்டு பகுதிகளில் மிக நீளமானதும் இதுதான். இழுத்தால் சொப்ரானோக்கள் (உயர்ந்த பெண்குரல்கள்) மூச்சுக்குத் தவிப்பார்கள், ஸ்ருதி கீழே இறங்கும். என் முதல் நிகழ்ச்சியில் அதுவும் நடந்தது. முதல் பகுதியில் ஓடியவள் இரண்டாவதில் தேங்கிவிட்டேன். பகுதி முடிந்தபோது குழு கிட்டத்தட்டக் கால் ஸ்வரம் கீழே இருந்தது.

இப்போது நான் செய்வது இது. முதல் பகுதியை 108-இல் முடிக்கிறேன். அந்த வேகத்தில் மூன்று பீட் எடுக்கும் நேரத்தில் இரண்டாவது பகுதியின் இரண்டு பீட் வருமாறு வைக்கிறேன். கணக்குப் பார்த்தால் கிராட்செட் 72. இது விவால்டி எழுதி வைத்த விதி இல்லை, எனக்குக் கைவந்த வழி. ஆனால் இப்படி வைத்தால் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுவதைக் கேட்பவர்களும் உணர்கிறார்கள். டி மேஜரின் கடைசி ஒலி அடங்கட்டும், ஒரு மூச்சு எடுங்கள், உடனே தொடங்குங்கள். பக்கம் புரட்டுவதும் தொண்டையைச் செருமுவதும் அங்கே வேண்டாம். இரண்டு பகுதிகளும் ஒரே வாக்கியம்.

கேள்வி: டி மேஜர் என்றாலே மகிழ்ச்சி, பி மைனர் என்றாலே சோகம் என்று அந்தக் காலத்தில் பட்டியல் இருந்ததாமே? அது உண்மையானால், பழைய கருவிகளில் இப்போது வாசிப்பவர்கள் ‘ஏ’ ஸ்வரத்தை விநாடிக்கு 415 அதிர்வில் வைக்கிறார்கள். நம் 440-க்கு அது அரை ஸ்வரம் குறைவு. அப்போது டி மேஜர் நம் காதுக்கு டி பிளாட் ஆகிவிடுகிறதே! மகிழ்ச்சி எங்கே போயிற்று?

கூர்மையான கேள்வி. பட்டியல்கள் இருந்தன. பாரிஸில் மார்க்-அந்துவான் ஷார்பான்தியே 1690-ஐ ஒட்டி ஒன்று எழுதினார். அதில் டி மேஜர் ‘மகிழ்ச்சியும் போர்க்குணமும் உடையது’, பி மைனர் ‘தனிமையும் துயரமும்’, டி மைனர் ‘கம்பீரமும் பக்தியும்’, ஏ மைனர் ‘மென்மையும் புலம்பலும்’. நம் குளோரியாவோடு வைத்துப் பார்த்தால் சிலிர்க்கும். போற்றி முழக்கம் டி மேஜரில், ‘தேவ ஆட்டுக்குட்டியே’ என்று ஆல்டோ தனியாகக் கெஞ்சுவது டி மைனரில், ‘எங்கள் மன்றாட்டை ஏற்றருளும்’ என்பது ஏ மைனரில்.

ஆனால் எஃப் மேஜருக்கு வாருங்கள். ஷார்பான்தியே அதை ‘ஆவேசமானது’ என்கிறார். ஹாம்பர்க்கில் யோஹான் மாத்தெஸோன் 1713-இல் எழுதிய பட்டியலில் அதே எஃப் மேஜர் பெருந்தன்மை, உறுதி, அன்பு போன்ற உலகின் மிக அழகிய உணர்வுகளுக்கு உரியது. விவால்டி ஏழாவது பகுதியான ‘தோமினே ஃபீலி’யை அதில்தான் எழுதியிருக்கிறார். குதிரை நடை போடுகிற புள்ளி வைத்த தாளம். அதில் ஆவேசமும் இல்லை, சாந்தமும் இல்லை, மிடுக்குதான் இருக்கிறது. ஆக, பட்டியலை வேதமாக வைத்துக்கொண்டு அர்த்தம் தேட வேண்டாம். அவரவர் காதில் பட்டதை அவரவர் எழுதினார்கள்.

உங்கள் 415-க்கு வருகிறேன். அது இன்று பழைய இசை வாசிப்பவர்கள் தங்கள் வசதிக்காகப் பேசி வைத்துக்கொண்ட எண். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் ஸ்ருதி மாறியது. ஒரே ஊரில் ஆர்கனுக்கு ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்றும் இருந்தது. எனவே டி மேஜரின் மகிழ்ச்சி விநாடிக்கு இத்தனை அதிர்வு என்பதில் இருந்திருக்க முடியாது. வேறு இரண்டு இடங்களில் இருந்தது.

முதலாவது, கருவியின் உடம்பில். வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, இ. டி மேஜரின் மூன்று முக்கிய ஸ்வரங்களான டி, ஏ, ஜி மூன்றும் விரல் வைக்காத திறந்த தந்திகள். நீங்கள் தொடாவிட்டாலும் அவை கூடவே அதிரும். வயலின் தன் முழு நெஞ்சோடு பாடுகிற கீ அது. வயலின்காரரான விவால்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து ட்ரம்பெட். அன்றைய ட்ரம்பெட்டில் வால்வு கிடையாது. அது வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நீளமான குழாய் எந்த ஸ்வரத்துக்குச் செய்யப்பட்டதோ அதன் இயற்கை ஸ்வரங்கள் மட்டுமே வரும். டி-க்குச் செய்த ட்ரம்பெட் டி மேஜரில்தான் பேசும். அதனால்தான் குளோரியாவில் ட்ரம்பெட் டி மேஜர் பகுதிகளில் மட்டும் வருகிறது. அரசர், படை, திருவிழா என்று ட்ரம்பெட்டோடு சேர்ந்து வந்த நினைவெல்லாம் டி மேஜரோடும் ஒட்டிக்கொண்டது. 415-இல் வைத்தாலும் திறந்த தந்தி திறந்த தந்திதான், ட்ரம்பெட் ட்ரம்பெட்தான்.

இரண்டாவது இடம், ஸ்ருதி கூட்டும் முறை. நம் கீபோர்டில் பன்னிரண்டு அரை ஸ்வரங்களும் சம இடைவெளியில் இருக்கின்றன. எந்தக் கீயில் வாசித்தாலும் வாசம் ஒன்றுதான். அன்றைய ஆர்கனிலும் ஹார்ப்சிகார்டிலும் அப்படி இல்லை. ஷார்ப், பிளாட் குறைவான கீகளில் இனிமை வரும்படி கூட்டினார்கள், அதற்கான விலையை மற்றக் கீகள் கொடுத்தன. டி-யும் எஃப் ஷார்ப்பும் சேர்ந்தால் இனிமை. எஃப் ஷார்ப்பும் ஏ ஷார்ப்பும் சேர்ந்தால் முள். பி மைனரில் ஒவ்வொரு முறையும் வீடு திரும்ப அந்த எஃப் ஷார்ப் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வழியாகத்தான் வர வேண்டும். அந்த முள் குத்தித்தான் முடிவு வரும். ‘எத் இன் தெர்ரா பாக்ஸ்’ பாடும்போது நவீன கீபோர்டு அதை மழுங்கடித்துவிடுகிறது. துணைக்கருவி இல்லாமல் குரல் மட்டும் வைத்து அந்த இடங்களைப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல காதுள்ள ஆல்டோக்கள் அந்த ஏ ஷார்ப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாடுவார்கள். திருத்த வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் தந்திக் கருவிகள் இல்லை, கீபோர்டு மட்டும்தான். சொப்ரானோக்களுக்கு உயரம் கஷ்டமாக இருக்கிறது. டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி ஒரு ஸ்வரம் இறக்கிக்கொள்ளலாமா?

தாராளமாக. குரல் கிழிவதைவிட ஒரு ஸ்வரம் இறங்குவது மேல். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பல பகுதிகள் பாடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்குங்கள். முதல் பகுதியை சி மேஜராக்கிவிட்டு இரண்டாவதை பி மைனரிலேயே விட்டால், மேலே நான் சொன்ன வெயில்–நிழல் உறவு அறுந்துவிடும். தனியொரு கீயின் பெயரைவிட ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு எடுத்து வைக்கும் அடிதான் கேட்பவரின் மனநிலையை மாற்றுகிறது. வயலினும் ட்ரம்பெட்டும் வரும் நிகழ்ச்சி என்றால் இறக்கவே வேண்டாம். அப்போது டி மேஜரை விட்டால் பாதி ஒளி போய்விடும்.

கேள்வி: விவால்டி இதை அநாதைப் பெண்களுக்காக எழுதினார் என்கிறார்கள். பிறகு ஆண்குரல் வரிகளான டெனரையும் பாஸையும் யார் பாடினார்கள்?

வெனிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் விவால்டி 1703 முதல் வயலின் ஆசிரியர். அங்கே பயிற்சி பெற்ற பெண்களின் குழு ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றது. கம்பித் தடுப்பு போட்ட மாடத்தில் நின்று பாடுவார்கள், கீழே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. 1713-இல் பாடகர் குழுவின் ஆசிரியர் கஸ்பரினி விடுப்பில் போன பிறகு தேவாலய இசை எழுதும் வேலை விவால்டியிடம் வந்தது. குளோரியா அந்தக் குழுவுக்காகவே எழுதப்பட்டிருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்த பெண்களில் சிலருக்குப் பெயரோடு ‘டெனர்’, ‘பாஸ்’ என்ற அடைமொழியே இருந்திருக்கிறது. தாழ்ந்த குரலுள்ள பெண்கள் டெனரை எழுதியபடியே பாடியிருக்கலாம். பாஸை ஒரு ஸ்தாயி மேலே பாட, செல்லோவும் ஆர்கனும் கீழ் ஸ்வரத்தைத் தாங்கியிருக்கலாம்.

பெண்கள் மட்டும் பாடி ஒரு முறை நேரில் கேட்டேன். அந்தப் பி மைனர் பகுதி அப்படியே வேறு ஒன்றாகிவிட்டது. குரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நெருங்கி நிற்பதால் உரசல்கள் இன்னும் அருகில் கேட்டன. உங்கள் குழுவில் ஆண்கள் குறைவு என்று யாராவது வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்றைக்கு வெனிஸில் பியெத்தா ஆலயம் என்று காட்டப்படுவது 1745-இல் கட்டத் தொடங்கியது. விவால்டி அதைப் பார்க்கவே இல்லை.

கேள்வி: ‘கிராத்சியாஸ்’ ஆறே பார்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அடாஜியோ என்பதால் இன்னும் மெதுவாக எடுத்து நீட்டலாமா?

வேண்டாம். அது அடுத்து வரும் ஃபியூகுக்கு (குரல்கள் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) வாசல். இ மைனரில் ஆறு பார், எல்லாக் குரலும் ஒன்றாக நின்று ‘உமக்கு நன்றி’ என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே அதே இ மைனரில் ‘உமது மேலான மகிமையின் பொருட்டு’ என்று குரல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. வாசலிலேயே நின்றுவிட்டால் உள்ளே போகும் ஆவல் போய்விடும். அடாஜியோ என்றால் அவசரமில்லாமல், அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டையும் முழுதாக ஊன்றி வையுங்கள், போதும்.

கேள்வி: கடைசிப் பகுதி ‘கும் சாங்தோ ஸ்பிரிது’ வேறு ஒருவர் எழுதியதாமே? விவால்டி திருடினாரா?

ஜோவான்னி மரியா ருஜ்ஜியேரி 1708-இல் எழுதிய குளோரியாவின் ஃபியூகை எடுத்து, இரட்டைக் குழுவுக்கு இருந்ததை ஒற்றைக் குழுவுக்குத் திருத்தி அமைத்தார். தன் இன்னொரு குளோரியாவிலும் அதையே வைத்தார். அந்தக் காலத்தில் இப்படி எடுத்தாள்வது சாதாரணம், யாரும் குற்றமாக நினைக்கவில்லை. வேகத்தைப் பொறுத்தவரை இதை நான்காக எண்ணாமல் பாருக்கு இரண்டாக எண்ணுங்கள். நான்காக எண்ணினால் நீண்ட ஸ்வரங்கள் கல்லாகிவிடும். ட்ரம்பெட் திரும்ப வருகிறது, டி மேஜர் திரும்ப வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பகுதியான ‘குவோனியாம்’ தொடக்கத்தின் அதே ஸ்தாயித் தாவலைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லும். அதை முதல் பகுதி எந்த வேகமோ அதே வேகத்தில் எடுங்கள். இங்கே வேகம் மாறினால் ஊர் திரும்பிய உணர்வு வராது. ஒத்திகையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்ப்பேன். முதல் பகுதியின் கடைசி எட்டு பார், உடனே குவோனியாமின் முதல் எட்டு பார். வேகம் வித்தியாசப்பட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: விவால்டி காலத்திலிருந்தே தொடர்ந்து பாடப்பட்டு வரும் மரபு இருந்தால், சரியான வேகம் வழிவழியாக வந்திருக்குமே?

அப்படி ஒரு தொடர்ச்சி இல்லை. விவால்டி இறந்த பிறகு இது கிட்டத்தட்ட இருநூறு வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தது. 1920-களின் பிற்பாதியில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டு இத்தாலியின் டுரின் நகர நூலகத்துக்கு வந்தன. 1939 செப்டம்பரில் சியேனா நகரில் நடந்த விவால்டி வாரத்தில் அல்ஃப்ரேதோ கஸெல்லா இதை அரங்கேற்றினார். அதே மாதம் உலகப் போர் தொடங்கியிருந்தது. ‘பூமியிலே சமாதானம்’ என்று அவர்கள் அந்தப் பி மைனரைப் பாடிய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

கேள்வி: வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறேன். வேகமும் உணர்வும் கைகூட ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள்.

பாட வேண்டாம், முதலில் படியுங்கள். நின்றுகொண்டு, ஒரு கையை மார்பில் வைத்து, ‘குளோரியா இன் எக்ஷெல்சிஸ் தேயோ’ என்று தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி நாலு தடவை. எந்த வேகத்தில் ‘க்ஷெ’ தெளிவாக விழுகிறதோ அதில் காலால் தட்டுங்கள், அந்த வேகத்தை எழுதி வையுங்கள். பிறகு உட்கார்ந்துகொண்டு ‘எத் இன் தெர்ரா பாக்ஸ் ஹோமினிபுஸ் போனே வொலுந்தாத்திஸ்’ என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி. ‘பாக்ஸ்’ என்ற சொல்லில் அவசரப்படாமல், ஆனால் ‘வொலுந்தாத்திஸ்’ வரை ஒரே மூச்சில் போய்ச் சேருங்கள். மூச்சு போதவில்லை என்றால் நீங்கள் இழுக்கிறீர்கள். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு நோட்டைத் திறந்து பாடுங்கள். நீங்கள் எழுதி வைத்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.